பீரோ நிறையப் புடவை, போட்டுக்கொள்ள பிளவுஸ் இல்லை

தென்மாவட்டம் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தும் 46 வயது ஆசிரியை எழுதிய நீண்ட கடிதத்துக்கான பதில் இது. பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவை ஒழுங்குபண்ண உட்கார்ந்தவர், புடவைகளை எண்ணியிருக்கிறார்: 72. கல்யாணப் பட்டு, வளைகாப்புப் பட்டு, ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்தவை, கிரகப்பிரவேசங்களில் வைத்துக்கொடுத்தவை. ஆனால் பள்ளிக்கு மாற்றி மாற்றிக் கட்டுவது ஐந்தே ஐந்து சிந்தெடிக் புடவைகள். அந்த ஐந்துக்குத்தான் பிளவுஸ் போடும்படி இருக்கிறது. எட்டு வருடத்தில் ஒன்பது கிலோ ஏறியிருக்கிறது. ஒரு வருடமாகத் தலைக்குச் சாயம் போடுவதில்லை. வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போதே திடீரென்று உடம்பெல்லாம் அனல் அடித்து வியர்த்துக் கொட்டுகிறது. கொஞ்சம் பளிச்சென்று எடுத்தால், “வயசுக்குத் தகுந்த மாதிரி கட்டக் கூடாதா?” என்கிறார் மாமியார். மூன்று மாதத்தில் அக்கா மகள் கல்யாணம். கையில் 15,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

அவர் கேட்கும் கேள்விகள் இவை. எடையைக் குறைத்துவிட்டுப் பிறகு தைத்துக்கொள்வதா? பழைய பட்டையெல்லாம் “பழைய பட்டு வாங்குகிறோம்” என்று சொல்கிறவர்களிடம் போட்டுவிட்டுப் புதிதாக எடுப்பதா? மகளைப் போல, தோளுக்குத் தோள் அகலமாக விரியும் போட் நெக் கழுத்து வைத்துத் தைத்தால் இந்த வயதில் சிரிப்பார்களா? பள்ளிக்குச் சுடிதார் போட அனுமதி உண்டா? கடிதத்தின் கடைசி வரி இது: “கண்ணாடி முன்னால் நின்றால் யாரையோ பார்ப்பதுபோல் இருக்கிறது. எனக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்துபோச்சு.”

அன்புள்ள டீச்சர்,

உங்களுக்குப் பிடித்தவை இன்னும் அந்த பீரோவுக்குள்தான் இருக்கின்றன. 67 புடவைகள் சும்மா கிடப்பதற்கு உங்கள் வயதோ ரசனையோ காரணமாகத் தெரியவில்லை. இரண்டே துணிகள்தான் குறுக்கே நிற்கின்றன: பிளவுஸ், அதற்கு உள்ளே போடும் பிரா. புடவைக்கு உடம்பு அளவு கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி 50 கிலோ உடம்பையும் சுற்றும், 75 கிலோ உடம்பையும் சுற்றும். பிளவுஸ் மட்டும்தான் ஏதோ ஒரு வருடத்து உடம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு, அதற்கு மேல் நகர மறுக்கும். ஆகவே முதல் இரண்டு வாரத்துக்குப் புதுப் புடவை எடுக்கப் போகாதீர்கள். இன்றைய உடம்புக்கு அளவெடுக்கும் வேலை அதற்கு முன்னால் இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒன்று. திடீர் அனலும் வியர்வையும் எடை ஏறுவதும் 46 வயதில் மாதவிடாய் நிற்கப்போகும் கட்டத்தின் அறிகுறியாக இருக்கலாம். தைராய்டு கோளாறாகவும் இருக்கலாம். இதைத் துணியை மாற்றிச் சரிசெய்ய முடியாது. ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எடை குறையட்டும் என்று காத்திருந்தால்

எட்டு வருடமாக நடந்தது இந்தக் காத்திருப்புதான். குறைந்தபிறகு தைக்கலாம் என்று நினைக்கும்போது, இன்றைக்கு இருக்கும் உடம்புக்கு நல்ல துணி எதற்கு என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டதாக ஆகிவிடுகிறது. தையல் கணக்கும் உங்கள் பக்கம்தான். பெரிய பிளவுஸைப் பிடித்துச் சின்னதாக்க ஒரு வரித் தையல் போதும், பத்து நிமிட வேலை. சின்னதைப் பெரிதாக்க உள்ளே துணி இருந்தாக வேண்டும். எனவே இப்போதைய அளவுக்கே தையுங்கள். பக்கவாட்டில் ஒவ்வொரு ஓரத்திலும் ஒன்றரை அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். எடை குறைந்தாலும் அதே பிளவுஸ் உதவும், கூடினாலும் உதவும்.

முதலில் பிரா

கீழ் மார்புச் சுற்று 34 அங்குலம், மார்புச் சுற்று 38 அங்குலம் என்று டேப் பிடித்து எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் நீங்கள் போடுவது, கடையில் கண்ணால் பார்த்துக் கொடுத்த 38பி. மிகப் பரவலாக நடக்கும் தவறு இது. பிராவின் எண் என்பது மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றும் பட்டையின் அளவு. எழுத்து என்பது அந்தச் சுற்றுக்கும் மார்பின் முழுச் சுற்றுக்கும் உள்ள வித்தியாசம்: ஒரு அங்குலத்துக்கு ஏ, இரண்டுக்கு பி, மூன்றுக்கு சி, நான்குக்கு டி. உங்கள் கணக்குக்கு 34டி வருகிறது. அது கிடைக்காவிட்டால் பக்கத்து அளவு 36சி. “டி என்றால் ரொம்பப் பெரிது” என்று கூச்சப்பட வேண்டாம். அந்த எழுத்துக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, 34-இன் டியும் 40-இன் டியும் வேறுவேறு கிண்ணங்கள்.

38 பட்டை உங்களுக்குத் தொளதொளவென்று இருப்பதால் அது முதுகில் மேலே ஏறுகிறது, முன்பக்கம் இறங்குகிறது. எடை முழுவதையும் தோள்பட்டி இழுத்துப் பிடிக்கிறது. தோளில் பள்ளம் விழுவதாகவும் சாயங்காலம் கழுத்து வலிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்களே, அதில் இதற்கும் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம். புது பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பட்டைக்குள் இரண்டு விரல் போக வேண்டும், கை நிறையப் போகக் கூடாது. நாளாக ஆக எலாஸ்டிக் தளரும்போது உள் கொக்கிகளுக்கு மாறிக்கொள்ளலாம். மூன்று வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். வெந்நீரில் துவைக்காதீர்கள், எலாஸ்டிக் செத்துவிடும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும் என்பதால் போட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

பிளவுஸுக்கு அளவெடுப்பது இந்த பிரா வந்தபிறகுதான். உடம்பின் வடிவமே அரை அங்குலம், ஒரு அங்குலம் மாறும்.

அளவு பிளவுஸ் வீட்டிலேயே இருக்கட்டும்

பழைய பிளவுஸை அளவுக்குக் கொடுத்து, “இதைவிட ஒரு இஞ்ச் லூஸா வைங்க” என்று சொல்லிவிட்டு வருவது நம் ஊர் வழக்கம். டெய்லர் பக்கவாட்டில் ஒரு அங்குலம் கூட்டிவிடுவார். ஆனால் உடம்பு எல்லாத் திசையிலும் சமமாகக் கூடுவதில்லை. நாற்பதுக்கு மேல் மேல்கையிலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் சதை போடும், தோள் எலும்பு அப்படியே இருக்கும், மார்பின் முனை கீழே இறங்கும். பக்கத்தில் மட்டும் கூட்டினால் கைக்குழி தொங்கும், கழுத்து வாயைத் திறக்கும், தோள் வழுக்கும். நீங்கள் எழுதியிருக்கும் அத்தனை தொந்தரவும் இதில் அடங்கிவிடுகிறது.

உடம்பில் நேராக அளவெடுக்கும் டெய்லரைத் தேடிப் பிடியுங்கள். அவர் எடுக்கும் அளவுகளில் நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, பாயிண்ட். தோள், கழுத்தோடு சேரும் இடத்திலிருந்து மார்பின் முனை வரை உள்ள நீளம். முப்பது வயதில் ஒன்பதரை அங்குலம் இருந்தது இப்போது பத்தரை ஆகியிருக்கலாம். முன்பக்க டார்ட்டுகள், அதாவது மார்புக்கு வடிவம் கொடுக்கத் துணியை மடித்துப் போடும் கூம்புத் தையல்கள் எல்லாம் இந்தப் புள்ளியை நோக்கித்தான் ஓடுகின்றன. அவை முக்கால் அங்குலம் முன்னதாகவே நின்றுவிட வேண்டும். பழைய உயரத்திலேயே டார்ட் முடிந்தால், மார்புக்கு மேலே ஒரு கூம்பு காலியாக நிற்கும், கீழே துணி இழுத்துக்கொண்டு சுருக்கம் விழும். கண்ணாடியில் “குண்டாகத் தெரிகிறேன்” என்று தோன்றுவது பலமுறை இந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான்.

இரண்டாவது கைக்குழி. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் பிளவுஸ் மொத்தமும் மேலே ஏறி இடுப்பு தெரிகிறது என்று கைக்குழியை இன்னும் இறக்கித் தைக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும். கைக்குழி இறங்க இறங்கக் கையும் உடலும் ஒரே துணியாக ஆகிவிடுகின்றன. கை தூக்கினால் உடல் துணியும் கூடவே ஏறும். கைக்குழி அக்குளுக்குப் பக்கத்தில், அரை அங்குலம் மட்டும் கீழே இருந்தால் கை தனியாக அசையும், பிளவுஸ் இருந்த இடத்தில் இருக்கும். அக்குளில் வெட்டாமல் இருக்க, கையின் சுற்றளவில் ஒன்றேகால் அங்குலம் தளர்வு வைக்கச் சொல்லுங்கள். தளர்வு தேவைப்படும் இடம் அதுதான். முதல் டிரையலில் சும்மா நின்று பார்க்காதீர்கள். சுவரில் எழுதுவதுபோல் கையைத் தூக்குங்கள், குனிந்து நோட்டுத் திருத்துவதுபோல் உட்காருங்கள்.

கை நீளம் மேல்கையின் மிகப் பருத்த இடத்தில் முடிந்தால் கண் அங்கேயே நிற்கும். முழங்கைக்கு ஒரு அங்குலம் மேலே முடிவது உங்களுக்குப் பொருந்தும்.

துணி விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும்: லைனிங் சுத்தப் பருத்தியாக இருக்கட்டும். அனல் அடிக்கும்போது பாலியெஸ்டர் லைனிங் வியர்வையை உறிஞ்சாது, உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வெட்டுவதற்கு முன் பருத்தி மேல்துணியையும் லைனிங்கையும் இரவு தனித்தனியாகத் தண்ணீரில் போட்டு, நிழலில் உலர்த்தி, தேய்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி, மேல்துணி கொப்புளம் கொப்புளமாக எழும். புடவைக்கு அடிக்கும் ஃபால்ஸுக்கும் இதே விதி. நனைக்காமல் தைத்த பருத்தி ஃபால்ஸ் சுருங்கித்தான் புடவையின் கீழ்விளிம்பு அலை அலையாகச் சுருள்கிறது.

போட் நெக் பற்றி: சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, வயதோடு அதற்குச் சம்பந்தமும் இல்லை. ஆனால் உங்கள் தோள் அகலமானது. போட் நெக் அதை இன்னும் அகலமாக்கிக் காட்டும். கழுத்து மூடியிருப்பதால் அனல் அடிக்கும் நேரத்தில் காற்றும் போகாது. பள்ளிக்கு முன் கழுத்து ஆறு அங்குல இறக்கத்தில் வட்டமாகவோ, கொஞ்சம் கூர்மையான ‘வி’யாகவோ வைத்துப் பாருங்கள். ஆசை விடவில்லை என்றால் கல்யாண வரவேற்புக்கு ஒரு போட் நெக் தைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரத்துக்குத்தானே.

பழைய பிளவுஸ்களில் எவை பிழைக்கும்?

ஒவ்வொன்றையும் உள்புறம் திருப்பி, வெளிச்சம் விழும் இடத்தில் விரியுங்கள். அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு மூன்று வரித் தையல் ஓடும். கடைசித் தையலுக்கு வெளியே எவ்வளவு துணி மிச்சம் இருக்கிறது என்று டேப் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத் தையலில் முன்துண்டு, பின்துண்டு என இரண்டு ஓரங்கள் சேர்கின்றன. ஒவ்வொரு ஓரத்திலும் அரை அங்குலம் பிரித்தால் பக்கத்துக்கு ஒரு அங்குலம், மொத்தச் சுற்றில் இரண்டு அங்குலம் கிடைக்கும். கையின் விளிம்பிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பிரித்துத் தைக்க வேண்டும். உடலை மட்டும் பிரித்துக் கையை விட்டுவிட்டால் அக்குளில் முடிச்சு விழுந்து உறுத்தும்.

பிரிப்பதற்கு முன் அக்குள் துணியை இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். வியர்வை ஏறி ஏறிப் பட்டு அந்த இடத்தில்தான் முதலில் மக்கும். நூல் விலகி வெளிச்சம் தெரிந்தால் அதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். பிரித்த இடத்தில் பழைய ஊசித் துளை வரியாகத் தெரியும், உள்ளே இருந்த துணி வெளுக்காமல் அடர்த்தியாக இருக்கும். கையின் அடியில் மறைந்துவிடும் என்பதால் பரவாயில்லை. ஆனால் பாயிண்ட் முக்கால் அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தால், பக்கத்தைப் பிரித்தாலும் முன்பக்கம் உட்காராது. அந்த பிளவுஸ்களைத் தாட்சண்யம் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

பிழைக்காத பிளவுஸின் புடவை வீணாகாது. எல்லாப் புடவைக்கும் அதனதன் பிளவுஸ்தான் வேண்டும் என்பது இந்த பீரோவைப் பூட்டிவைத்திருக்கும் இன்னொரு நம்பிக்கை. ஆறு பொது பிளவுஸ் தைத்துக்கொள்ளுங்கள்: கறுப்பு, அரக்கு, கடுகு மஞ்சள், அடர் பச்சை, பழுப்பு வெள்ளையில் ஒரு கலம்காரி, கருநீலத்தில் ஒரு இக்கத். 72 புடவையில் பாதிக்கு மேல் இவற்றில் ஏதோ ஒன்றோடு சேர்ந்துவிடும். 38 மார்புச் சுற்றுக்கு முழங்கை வரை கை வைக்க 36 அங்குல அகலத் துணி என்றால் ஒன்றேகால் மீட்டர் எடுங்கள். 80 சென்டிமீட்டர் பிட் எடுத்துவிட்டு, கையில் ஒட்டுப் போட நேர்வது அடிக்கடி நடக்கிறது.

“வயசுக்குத் தகுந்த” நிறம்

வயதானால் வெளிர் நிறம்தான் என்று நம் மரபில் எங்கே இருக்கிறது? செட்டிநாட்டு ஆச்சிமார் முதுமை வரை கட்டிய கண்டாங்கியில் அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும் கட்டம் கட்டமாக எரியும். மாமியாரோடு வாதாட வேண்டாம். அவருடைய பீரோவைத் திறந்து, அவர் நாற்பத்தைந்தில் எடுத்த பட்டு என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள், நல்ல பேச்சாக இருக்கும்.

நிறத்தில் உண்மையாகவே மாறியிருப்பது உங்கள் தலைமுடி. முகத்தைச் சுற்றி இருந்த கறுப்புச் சட்டம் போய் வெள்ளி வந்திருக்கிறது. அதனால் முன்பு எடுப்பாக இருந்த சந்தன நிறமும் சாம்பலும் இப்போது முகத்தைச் சோர்வாகக் காட்டலாம். வெள்ளி முடிக்கு மயில் கழுத்து, கத்திரிப்பூ, அரக்கு, காப்பிக்கொட்டை, அடர் பச்சை எல்லாம் நன்றாகக் கைகொடுக்கும். சோதிப்பது எளிது. காலை பத்து மணி வெளிச்சத்தில், பவுடர் போடாமல், ஜன்னல் பக்கம் நின்று புடவையைத் தாடைக்குக் கீழே பிடியுங்கள். கண்ணை மூடித் திறந்ததும் முதலில் முகம் தெரிந்தால் அந்த நிறம் உங்களுடையது. துணி மட்டும் தெரிந்தால், அல்லது கண்ணுக்குக் கீழே கருமை கூடினால் வேண்டாம். கடையின் விளக்கு வெளிச்சத்தை நம்பாதீர்கள். முகத்துக்குப் பக்கத்தில் வருவது பிளவுஸும் மேல் முந்தியும்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். சாம்பல் நிறப் புடவை மீது உயிர் இருந்தால், அதற்கு அரக்கு பிளவுஸ் போட்டுக் கட்டலாம்.

பிடித்ததைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி சொல்கிறேன். கடந்த சில வருடங்களில், வீட்டுக்கு வந்தபிறகும் உடனே நைட்டிக்கு மாறத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்த நாட்கள் மூன்றை யோசித்து எழுதுங்கள். அன்றைக்கு என்ன கட்டியிருந்தீர்கள்? நூலா பட்டா, கரை சிறிதா பெரிதா, கட்டமா வெற்று நிறமா? மூன்றுக்கும் பொதுவாக ஒன்றிரண்டு விஷயம் நிச்சயம் வரும். உங்கள் ரசனை அங்கே இருக்கிறது.

உயரம் ஐந்தடி ஒரு அங்குலம் என்பதால் எட்டு, பத்து அங்குலக் கரை உங்களை இரண்டாக வெட்டிக் காட்டும். இரண்டு முதல் நான்கு அங்குலக் கரை போதும். பருத்திக்குக் கஞ்சி போடும்போது தண்ணீராக நீர்த்துப் போடுங்கள். விறைத்த புடவை உடம்பைவிட்டு எட்டி நின்று சுற்றளவைக் கூட்டும். உள்பாவாடையை மெல்லிய நாடா போட்டு இறுக்கிக் கட்டுவதையும் நிறுத்துங்கள். ஒரே இடத்தில் வருடக்கணக்காக உரசினால் தோல் கறுத்துப் புண்ணாகும். அந்தப் புண் ஆறாமல், மிக அரிதாகப் புற்றுநோய்வரை போனதை மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒன்றரை அங்குல அகலப் பட்டை வைத்துத் தைத்தால் இறுக்காமலே நிற்கும், வயிற்றில் வரியும் விழாது.

பட்டுப் புடவையை விற்கும் முன்

பழைய பட்டு வாங்குகிறவர்களுக்கு வேண்டியது ஜரிகையில் இருக்கும் வெள்ளி. புடவையின் நெசவுக்கோ, நிறத்துக்கோ, உங்கள் நினைவுக்கோ அவர்கள் விலை தருவதில்லை. அசல் ஜரிகை என்றால் சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின்மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். உள்முனையில் ஒரு இழையை உருவி நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் பெரும்பாலும் அசல். செம்புக் கம்பியோ வெள்ளை பாலியெஸ்டரோ தெரிந்தால் விற்றாலும் ஒன்றும் பெயராது. வெள்ளி விலை ஏறிக் கிடக்கும் இந்த நாளில் உங்கள் கல்யாணப் பட்டின் தரத்தில் இன்னொன்று எடுக்க இந்த 15,000 போதாது. அதை விற்று இன்னொன்று வாங்குவது நஷ்டம்தான்.

புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்பு வரிகளைப் பாருங்கள். மடிப்பில் இழை விட்டிருந்தால் அந்தப் பட்டு இனிக் கட்டத் தாங்காது. நல்ல பகுதியை மகளுக்குத் துப்பட்டாவாகவோ பாவாடையாகவோ தைத்துவிடுங்கள். மற்றவற்றை நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்து, வெள்ளைப் பருத்தி வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். ரசகற்பூர உருண்டை ஜரிகையில் நேராகப் பட்டால் கறுக்கும். கனமான பட்டுப் புடவையைக் கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் அந்த வரியிலேயே துவண்டு கிழியும்.

கட்டவே பிடிக்காத சிந்தெடிக் புடவைகளை நல்ல நிலையில் இருக்கும்போதே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நினைவுக்காக மட்டும் வைத்திருக்கும் ஐந்தாறு புடவைகளைத் தனித் தட்டில் வையுங்கள். அவற்றைக் கட்டாமல் வைத்திருப்பதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பள்ளிக்குச் சுடிதார்

போடலாம். அரசு ஊழியர்களின் உடை குறித்து 2019-இல் வந்த அரசாணை, பெண்களுக்குப் புடவை அல்லது துப்பட்டாவோடு கூடிய சல்வார் கமீஸ், சுடிதார் என்றே சொல்கிறது. ஆசிரியைகளும் இப்படி வரலாம் என்று பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் 2023-இல் தெளிவுபடுத்தினார். தலைமையாசிரியரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. அனுமதிக்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. (இதை வாசிக்கும் தனியார் பள்ளி ஆசிரியைகளுக்கு: உங்கள் நிர்வாகத்தின் விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

ரெடிமேட் எடுக்கும்போது முதலில் தோளைப் பாருங்கள். தோள் தையல் தோள் எலும்பின் மேல் உட்கார வேண்டும். பக்கத்தைப் பிடித்துவிடலாம், தோளைச் சரிசெய்வது கடினம். உங்கள் உயரத்துக்கு 40 முதல் 42 அங்குல நீளம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும். பக்க வெட்டு, இடுப்பின் மிக அகலமான இடத்துக்கு மேலேயே தொடங்கட்டும். கீழே தொடங்கினால் உட்காரும்போதெல்லாம் இழுத்துப் பிடிக்கும்.

பதினைந்தாயிரமும் மூன்று மாதமும்

பிரா மூன்று, 1,800. ஆறு பொது பிளவுஸுக்குத் துணியும் லைனிங்கும் 1,500, தையல் 500 வீதம் 3,000. பழைய பிளவுஸ் எட்டைப் பிரித்துத் தைக்க 800. அகலப் பட்டை உள்பாவாடை இரண்டு, 700. நாள் முழுக்க நிற்கிறீர்கள், குஷன் வைத்த செருப்பு ஒன்றுக்கு 1,500. இதுவரை 9,300. ஊருக்கு ஊர் கூலி மாறும் என்றாலும் பெரிய வித்தியாசம் வராது. மீதியில் 3,000-க்கு இரண்டு கைத்தறிப் பருத்திப் புடவைகள் எடுங்கள். நெகமம், சின்னாளப்பட்டிச் சுங்குடி இரண்டுமே அனல் அடிக்கும் உடம்புக்கு இதமானவை. கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி நாட்களில் போனால் இன்னும் குறையும். சுங்குடியை முதல் இரண்டு மூன்று சலவைக்குத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், ஊறவைக்க வேண்டாம். மிச்சம் 2,700-இல் பள்ளிக்குப் பருத்திச் சுடிதார் இரண்டு வந்துவிடும்.

கல்யாணத்துக்குப் புதுப் பட்டு எடுக்க வேண்டாம். உங்கள் கல்யாணப் பட்டையே, கரையின் நிறத்தில் புது பிளவுஸ் தைத்துக் கட்டுங்கள். அந்தத் தையல் கூலி மேலே சொன்ன ஆறில் ஒன்றாகவே அடங்கட்டும், கறுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முகூர்த்த மாதங்களில் டெய்லர்கள் கையில் வேலை குவிந்துவிடும். எனவே இந்த வாரம் பிரா வாங்கிவிடுங்கள். அடுத்த வாரம் மீட்டர் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாப் பருத்தியில், கடுகு மஞ்சள் பிளவுஸ் ஒன்றை மட்டும் தைக்கக் கொடுங்கள். அதைப் போட்டுக்கொண்டு ஒரு முழு நாள் பள்ளிக்குப் போய் வாருங்கள். எங்கே பிடித்தது, எங்கே தொங்கியது, பலகையில் எழுதும்போது என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் குறித்து டெய்லரிடம் கொடுங்கள். அந்தத் திருத்தம் முடிந்து, இரண்டாவது முறையும் போட்டுப் பார்த்தபிறகுதான் மற்ற ஐந்து துணிகளின் மேல் அவர் கத்தரி வைக்க வேண்டும்.